எஞ்சின் மாற்றிய வருடத்து உளுந்து

பதினொரு வயதில், எங்கள் வகுப்பில் வேறு யாருக்கும் தெரியாத ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. பழைய சிட்டி காரின் எஞ்சின், மற்ற கார்களின் எஞ்சின் சுற்றுகிற திசைக்கு எதிர்த்திசையில் சுற்றும். இதைத் தெரிந்துகொண்டு என்ன சாதித்தாய் என்று யாரும் கேட்கக் கூடாது. அறிவியல் பரீட்சையில் அதைப் பற்றி ஒரு கேள்விகூட வரவில்லை. பக்கத்து பெஞ்சுப் பெண்ணிடம் ஒருநாள் சொல்லிப் பார்த்தேன். அவள் தன் டிபன் பாக்ஸை இன்னும் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டாள்.

எல்லாம் மாமாவால் வந்தது. மாமா அம்மாவின் தம்பி. அம்மாவுக்குக் கல்யாணமான மறுவருடமே அவர்களைப் பெற்றவர்கள் இருவரும் அடுத்தடுத்துப் போய்விட, பத்து வயதில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். சீர்வரிசையில் கட்டில், பீரோவோடு மச்சானையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள் என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லிவிட்டு மாமாவின் தட்டில் இன்னொரு கரண்டி சோறு வைக்கச் சொல்வார். அப்பாவுக்குக் கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் குமாஸ்தா வேலை. திருநள்ளாற்றிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி எங்கள் ஊரில் ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர், நிலம். மாமாவும் ஏதாவது ஒரு பரீட்சை எழுதி ஓர் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. மாமாவோ மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு, காரைக்காலில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காருக்கு அடியில் படுத்துக் கிடந்தார்.

அந்த வருடம் அவர் ஓர் எஸ்டீம் காரை எங்கள் வீட்டு வாசலுக்கு இழுத்துக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு அல்ல, டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு. காரைக்காலில் ஒரு டாக்டர் வீட்டுக் கொட்டகையில் நாலு வருடம் கிடந்த கார். எஞ்சின் இறுகிப்போய், திறந்து பார்த்தால் உள்ளே எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்தது. இதற்கு வேறு எஞ்சின் வைக்கப் போகிறேன் என்றார் மாமா. அப்பா காரை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்துவிட்டு, எலிகளுக்கு முதலில் வேறு வீடு பார்த்துக் கொடுக்கச் சொன்னார்.

மாமாவுக்கு இது விளையாட்டல்ல. அதற்கு முந்தைய வருடம், திருநள்ளாற்றுக் குளத்தங்கரையில் கிளப்ப முடியாமல் நின்ற ஒரு காரை அவர் சரிசெய்து கொடுத்திருந்தார். அந்தக் காருக்குச் சொந்தக்காரர் கோயம்புத்தூரில் பந்தயக் கார்களுக்கு எஞ்சின் தயார் செய்கிறவர். வருடா வருடம் பங்குனியில் ஒரு சனிக்கிழமை சனீஸ்வரனைப் பார்க்க வருவார். மாமாவின் கைவேலையைப் பார்த்துவிட்டு, 'நீங்களே ஒரு கார் பண்ணிக் காட்டுங்க. பிடிச்சுதுன்னா எங்கூட வந்துடலாம்' என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான். அடுத்த பங்குனிக்குள் ஒரு கார். அதை விட்டால் காரைக்கால் ஒர்க்‌ஷாப், அல்லது அப்பா சொல்கிற நாற்காலி.

எந்த எஞ்சினை வைப்பது என்ற கேள்வியில் கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் போயிற்று. மாமாவின் கையெழுத்தை மாமாவே படிக்க முடியாது என்பதால் எழுதுகிற வேலை எனக்கு வந்தது. ஒரு நீளமான கோடு போட்ட நோட்டு. தினமும் சாயங்காலம் அடுப்படி வாசற்படியில் நானும் மாமாவும் உட்கார்ந்துகொள்வோம். உள்ளே அம்மா இரவுக்குச் சமைத்துக்கொண்டிருப்பாள். நான் ஸ்கேல் வைத்துக் கட்டம் போடுவேன். எஞ்சின் பெயர், சிசி, குதிரைத்திறன், இழுவை, அது நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் வருகிறது, எந்தப் பக்கம் சுற்றுகிறது, எங்கே உட்காரும். மாமா பழைய மோட்டார் பத்திரிகைகளையும், யார் யாருக்கோ போன் போட்டுக் கேட்டதையும் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

எல்லாமே நாலு சிலிண்டர். எஸ்டீமின் சொந்த எஞ்சின் ஆயிரத்து முந்நூறு சிசி, எண்பத்தைந்து குதிரை. அதையே இன்னொன்று வாங்கி வைக்கலாம்; ஆனால் அதில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? கான்டெஸாவின் ஆயிரத்து எண்ணூறைக் கொஞ்ச நாள் ஆசையாகப் பேசினார். அது நீளவாட்டில் உட்காருகிற எஞ்சின், பின்சக்கரத்தை ஓட்டுவது. எஸ்டீமில் எஞ்சின் குறுக்கே உட்கார்ந்து முன்சக்கரத்தை ஓட்டும். ஆகவே கான்டெஸா போயிற்று. மிச்சம் இரண்டு. ஒன்று சிட்டியின் ஆயிரத்து ஐந்நூறு வீடெக், நூற்றாறு குதிரை. மற்றொன்று பெலினோவின் ஆயிரத்து அறுநூறு, தொண்ணூற்று நாலு குதிரை.

எனக்கு இதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. தொண்ணூற்று நாலு பெரிதா, நூற்றாறு பெரிதா? நூற்றாறைச் சிவப்பு மையில் எழுதி இரண்டு முறை அடிக்கோடு போட்டேன். ஐயாயிரம் சுற்றைத் தாண்டினால் அந்த எஞ்சினுக்கு வேறு ஒரு குரல் வரும் என்று மாமாவே சொல்லியிருந்தார். அந்தக் குரலோடு பள்ளிக்கூட வாசலில் போய் இறங்க வேண்டும் என்று நான் ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன்.

மாமா பெலினோவைத் தேர்ந்தெடுத்தார். எனக்கு வந்த கோபத்தில் அன்று சாப்பிடவில்லை. பெலினோ எஞ்சின் எஸ்டீம் எஞ்சினுக்கு அண்ணன் முறை. எஞ்சினைப் பாடியில் பிடிக்கிற இடங்கள் ஏறக்குறைய அப்படியே பொருந்தும். சிட்டி எஞ்சினோ எதிர்த்திசையில் சுற்றுவது. கியர் பெட்டி முதல் எல்லாவற்றையும் இடம் மாற்றி, பாடியை வெட்டி ஒட்ட வேண்டும். அதோடு பெலினோவின் முழு இழுவையும் மூவாயிரம் சுற்றிலேயே கிடைத்துவிடும். சிட்டியை அதைவிட நிறைய மிதித்தால்தான் கிடைக்கும். இதையெல்லாம் மாமா பொறுமையாகச் சொன்னார். நான் காதில் வாங்கவே இல்லை.

'அடுத்த வீட்டுக் கதவ நம்ம வாசல்ல மாட்டுற மாதிரி பாப்பா. கதவு நல்ல கதவுதான். நெலைய இடிக்கணுமே' என்றார்.

'பயந்தாங்கொள்ளி' என்றேன் நான்.

தை மாதம் திருச்சிப் பக்கத்தில் பின்னால் மோதி நசுங்கிய ஒரு பெலினோ கிடைத்தது. முன்பக்கம் பழுதில்லை. எஞ்சினும் கியர் பெட்டியும் ஒயர்களும் ஒரு லோடு ஆட்டோவில் வந்தன. எல்லைச் செக்போஸ்ட்டில் யாரும் நிறுத்தவில்லை. எங்கள் ஊரிலிருந்து வெளியே போகிற வண்டியைத்தான் டிக்கியைத் திறந்து மலிவுச் சாராய பாட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். உள்ளே வருகிற வண்டியில் யானையைக் கொண்டுவந்தாலும் கேட்க ஆளில்லை. மாசி முழுக்க வேப்பமரத்தில் சங்கிலிக் கப்பி கட்டி ஏற்றி இறக்கினார்கள். நாலு குழாய் ஒன்றாகச் சேருகிற புகைக்குழாயை மாமாவே வளைத்துப் பற்றவைத்தார். குழாயின் சூடு வெளியே எதிலும் படாமல் மறைக்கிற வெப்பத் தகடு வழியில் இடைஞ்சலாக இருந்ததால் அதைக் கழற்றி வைத்தார். ஸ்பிரிங்கில் இரண்டு சுற்று வெட்டி, காரைத் தரையோடு தரையாக இறக்கினார். பதிவுப் புத்தகத்தில் புது எஞ்சின் எண்ணை ஏற்றுவதற்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைந்தார். அப்பாவும் கூடப் போனார். அலுவலக மொழி தனக்குத்தான் தெரியும் என்று சொல்லிக்கொண்டு போனாரே தவிர, லீவு போட்டதை வீட்டில் சொல்லவில்லை.

முதல் முறை எஞ்சின் கிளம்பியபோது வேப்பமரத்துக் காக்கைகள் பறந்தன. அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்து, கரண்டியும் கையுமாக நின்று சிரித்தாள். எனக்கும் கோபம் பறந்துவிட்டது. அது தொண்ணூற்று நாலுதான் என்றாலும் எங்கள் தொண்ணூற்று நாலு.

அன்று இரவு படுத்த பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. கார் நன்றாக இருந்தால் மாமா போய்விடுவார்.

பங்குனிச் சனிக்கிழமை வந்தது. கோயம்புத்தூர்க்காரர் திருநள்ளாற்றில் தரிசனம் முடித்து, லாட்ஜில் பத்தரை மணி வரை இருப்பார் என்று ஏற்பாடு. ஒன்பது மணிக்கு மாமா காரைக் கிளப்பினார். நோட்டை அவரிடம் காட்ட வேண்டும், எதை ஏன் ஒதுக்கினோம் என்று கேட்பார் என்பதால் நோட்டோடு நான் முன்சீட்டில்.

எங்கள் தெருவைத் தாண்டி ரோட்டுக்கு வந்தால், ரோடு முழுக்க உளுந்து. எங்கள் உளுந்துதான். நெல் அறுத்த வயலில் தெளித்த உளுந்து காய்ந்து, செடியோடு பிடுங்கி ரோட்டில் பரப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். போகிற வருகிற வண்டிகள் ஏறி ஏறி நெற்று உடைந்து மணி உதிர்ந்துவிடும்; சாயங்காலம் கூட்டி அள்ளித் தூற்ற வேண்டியதுதான். வெளியூர்க் கார்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போகும். உள்ளூர்க்காரர்கள் அப்படிப் போனால் மரியாதை இல்லை. ஏற்றிவிட்டுத்தான் போக வேண்டும். சொந்தக்காரர் என்றால் திரும்பி வந்து இன்னொரு தரமும் ஏற்ற வேண்டும். முந்தைய வருடம் மாமா ஒர்க்‌ஷாப் ஜீப்பைக் கொண்டுவந்து அரை மணி நேரம் ஏற்றிக் கொடுத்தார்.

அம்மா முக்காடு போட்டுக்கொண்டு கையில் செடியைப் புரட்டுகிற கவைக்குச்சியோடு நின்றாள். அப்பா ஓரத்தைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்.

'ரெண்டு தடவ ஏத்திட்டுப் போடா தம்பி. நல்ல காரியத்துக்குப் போற' என்றாள் அம்மா.

மாமா மூன்று தடவை ஏற்றினார். ஜீப் உயரமானது, எஸ்டீம் வயிறு தரையைத் தொடுவது என்பதை அவரும் நினைக்கவில்லை, அம்மாவும் நினைக்கவில்லை. நாலு எஞ்சினை இரண்டு மாதம் அலசிய எங்கள் நோட்டில் உளுந்துக்கு ஒரு கட்டம் இல்லை. மூன்றாவது தடவையில் நல்ல வாசனை வந்தது. வறுத்த உளுந்து வாசனை. எந்த வீட்டில் பொடி இடிக்கிறார்கள் என்று நான் எட்டிப் பார்த்தேன். அதற்குள் பானெட் இடுக்கிலிருந்து புகை வந்துவிட்டது.

மாமா என்னை இழுத்து வெளியே தள்ளினார். காருக்கு அடியில், காய்ந்த கொடி எல்லாம் குழாயில் சுருண்டு ஏறி எரிந்துகொண்டிருந்தது. ரோட்டில் கிடந்த உளுந்தும் பற்றிக்கொண்டது. அப்பா வயலோரத்துப் பம்புசெட் மோட்டார் கொட்டகைத் தொட்டியில் சாக்கை முக்கி எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். மினி பஸ் ஒன்று நின்று, அதிலிருந்தவர்களெல்லாம் இறங்கி மண்ணை அள்ளி வீசினார்கள். அம்மா எரிகிற உளுந்தைக் கவைக்குச்சியால் காரை விட்டு வாய்க்காலுக்குத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அப்பா கதிரறுக்கும் அரிவாளோடு காருக்கு அடியில் நுழைந்தார். அந்த எஞ்சினைப் பற்றி ஐந்து மாதமாகக் கேலியைத் தவிர வேறு எதுவும் பேசாத அப்பா, குழாயில் சுற்றியிருந்த கொடியை அறுத்து அறுத்து வெறுங்கையால் இழுத்துப் போட்டார்.

தீ அணைந்தது. பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முன்பம்பர் உருகித் தொங்கியது. ரேடியேட்டருக்குக் கீழே போகிற ரப்பர் குழாய் எரிந்து தண்ணீரெல்லாம் கொட்டிவிட்டது. சில ஒயர்கள் கருகியிருந்தன. அப்பாவின் உள்ளங்கை கொப்பளித்திருந்தது. எங்கள் உளுந்தில் பாதிக்குமேல் கரியாகிவிட்டது.

மாமா மதகின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார். போன் பண்ணிச் சொல்லிவிடு என்று அப்பா சொன்னதற்கு, எரிந்த வண்டியைக் காட்டுவதா, வேண்டாம் அத்தான், விட்டுவிடுங்கள் என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது சொல்வதில் என்ன வெட்கம்? அந்தப் பாவத்துக்கு அடியில் சந்தோஷமும் இருந்தது. மாமா இனி எங்கும் போக மாட்டார்.

அம்மா என்னிடம் வந்தாள். 'அந்த நோட்டு எங்கடி? நான் போயி அந்த ஆளுகிட்டக் காட்டுறேன்.'

காரிலிருந்து விழுந்தபோதும் நோட்டை நான் விடவில்லை. உளுந்து அள்ளக் கொண்டுவந்திருந்த சாக்குக் குவியலுக்கு அடியில் அதைத் தள்ளி, அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தேன். 'எரிஞ்சு போச்சும்மா' என்றேன்.

 அம்மா மாமாவிடம் போய், 'நான்தானடா ஏத்தச் சொன்னேன். நானே கூட்டியாறேன். நான் வர்றதுக்குள்ள அது ஓடணும்' என்றாள். முக்காட்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள். கரி இன்னும் நன்றாகப் பரவியது. அப்பா கையில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டு மொபெட்டைக் கிளப்ப, அம்மா பின்னால் உட்கார்ந்து போனாள்.

அம்மா சொன்னால் மாமா மறுத்ததில்லை. எழுந்து வந்தார். மோட்டார் கொட்டகையில் கிடந்த பழைய பம்புசெட் குழாயில் அரை அடி வெட்டி எடுத்தார். காருக்கு அடியில் படுத்துக்கொண்டு, பன்னிரண்டாம் நம்பர் ஸ்பானர் கேட்டார். நான் பத்தைக் கொடுத்தேன். திருப்பிக் கொடுத்து மறுபடி பன்னிரண்டு கேட்டார். நான் பதினாலைக் கொடுத்தேன். மூன்றாவது தடவை மறுபடியும் பத்து.

மாமா வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்தார். ஐந்து வயதிலிருந்து ஸ்பானர் எடுத்துக் கொடுக்கிறவள் நான். கண்ணை மூடிக்கொண்டு தடவியே நம்பர் சொல்வேன். அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

'கோயமுத்தூர் என்ன சீமையிலயா இருக்கு? ஒரு ராத்திரி பஸ்ஸு பாப்பா' என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே பன்னிரண்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் மறுபடி உள்ளே போனதும், சாக்குக்கு அடியிலிருந்த நோட்டை எடுத்து டேஷ்போர்டு அறைக்குள் வைத்து மூடினேன். கருகிய ஒயர்களை நான் பிடித்துக்கொள்ள மாமா முறுக்கி டேப் சுற்றினார். தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு வந்து ரேடியேட்டரில் ஊற்றினேன். சாவியைத் திருப்பியபோது இரண்டு தடவை இருமிவிட்டு, மூன்றாவது தடவை கிளம்பியது.

பதினொன்றரை மணிக்கு ஒரு வெள்ளைக் கார் வந்து, உளுந்துக் கரிக்கு முன்னால் மரியாதையாக நின்றது. முன்சீட்டில் கரி முகத்தோடு அம்மா. பின்னால் மொபெட்டில் அப்பா. இறங்கியவர் நெற்றி நிறைய விபூதியும், புது வேட்டியுமாக இருந்தார்.

'கார் எரிஞ்சு போச்சுன்னு சொல்லியிருந்தாச் சரின்னு ஊருக்குக் கிளம்பியிருப்பேனுங்க' என்றார் மாமாவிடம். 'உங்கக்கா அதைச் சொல்லலை. சிட்டி எஞ்சின் எதிர்ப்பக்கமாச் சுத்துமாம், அதனால வேண்டாம்னுட்டீங்களாம். பெலினோவுக்கு மூவாயிரத்துலயே இழுவை வந்துருமாம். கான்டெஸா நீளவாட்டுல உட்காருமாம். லாட்ஜ் வாசல்ல நின்னு மடமடன்னு சொல்றாங்க. எங்கீங்க கத்துக்கிட்டீங்கன்னு கேட்டா...'

'தெனம் சாயந்தரம் ரெண்டு பேரும் கத்துறது காதுல விழுவாதா?' என்றாள் அம்மா, கொஞ்சம் வெட்கத்தோடு.

மாமா அக்காவைப் பார்த்தபடியே நின்றார். 

கோயம்புத்தூர்க்காரர் காரைச் சுற்றி வந்தார். பம்புசெட் குழாயைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்து புகைக்குழாயின் ஒட்டுகளை வெகு நேரம் பார்த்தார். வெப்பத் தகடு எங்கே என்று கேட்டார். கழற்றிவிட்டேன் என்றார் மாமா, குற்றவாளியைப் போல. இனிமேல் ஆயுசுக்கும் கழற்ற மாட்டீங்க என்றார் அவர். பிறகு மாமாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, உளுந்து இல்லாத திசையில் காரை ஓட்டிக்கொண்டு போனார். தூரத்தில் அந்தச் சத்தம் ஏறி ஏறி, கியர் மாறி, மறுபடி ஏறியது. அப்பா துணி சுற்றிய கையை நெற்றிமேல் வைத்துப் பார்த்தபடி, 'கேக்குதா? மூணாவது கியரு' என்று யாரிடமோ சொன்னார்.

திரும்பி வந்ததும், சித்திரை பிறந்ததும் வந்துவிடச் சொல்லிவிட்டுக் கோயம்புத்தூர்க்காரர் கிளம்பினார். மாமா போனார். இப்போது அந்த ஊரில் அவருக்கே ஒரு பட்டறை இருக்கிறது. பழைய எஞ்சின்களுக்குப் புது வீடு தேடிக் கொடுக்கிறார். மூன்று பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் ஒரு பெண்ணும் உண்டு. நான்தான் கணக்கு வாத்தியாராகிவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் மாமா பக்கத்துத் தெருவுக்கெல்லாம் போய்ச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா கைக்கு மருந்து கட்டப் போயிருந்தார். அம்மா மட்டும் ரோட்டோரத்தில் உட்கார்ந்து, மிச்சமிருந்த உளுந்தை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள். கிட்டப் போனால், அழுதுகொண்டிருந்தாள். சத்தமே இல்லை. முறம் பாட்டுக்கு ஏறி இறங்கியது. கண்ணீர் பாட்டுக்கு வழிந்தது.

பாதி உளுந்து போனால் யாருக்குத்தான் வருத்தம் இருக்காது? பெரிய மனுஷி மாதிரி பக்கத்தில் உட்கார்ந்து அவள் தோளில் கைபோட்டு, அழாதேம்மா, அடுத்த வருஷம் இதைவிட நிறைய விளையும் என்றேன்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். 'ஆமாண்டி, வெளையும்' என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டு, முன்னைவிட அதிகமாக அழுதாள். உளுந்தின்மேல் அம்மாவுக்கு இத்தனை ஆசையா என்று எனக்கு ஒரே ஆச்சரியம்.